உடலின் கடைமடைப் பகுதிகள்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் பொன்னேரியை அடுத்து வரும் ஊர் கவரைப்பேட்டை. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஆரணி ஆறு ஓடுகிறது. ஆந்திர மாநிலத்தில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, பெரியபாளையத்தின் வழியே வந்து, பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆறு இது. இதற்குத் தெற்கே மற்றோர் ஆறு உண்டு. அது பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடையும் கொசஸ்தலை ஆறு. இவ்விரண்டு ஆறுகளுக்கும் நடுவில் பெய்யும் மழைநீரில் ஒரு பகுதி வடக்கே ஆரணி ஆற்றுக்குச் செல்கிறது, மற்றொரு பகுதி தெற்கே கொசஸ்தலை ஆற்றுக்குச் செல்கிறது. எங்கோ ஓரிடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டில், நீர் இரண்டாகப் பிரிகிறது. நிலவியலார் அதனை நீர்ப்பிரிமேடு என்பர். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'வாட்டர்ஷெட்'.

இதே பெயரை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் உடலிலும் 'வாட்டர்ஷெட்' பகுதிகள் உள்ளன. மூளையில் உண்டு, பெருங்குடலில் உண்டு, தண்டுவடத்திலும் தோலிலும் உண்டு. அறுவை மருத்துவரும் மயக்க மருந்து கொடுப்பவரும் இந்த இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். அப்படி இந்த இடங்களில் என்ன இருக்கிறது?

இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனி ஒவ்வொன்றும் மரம்போலக் கிளைவிட்டு, கிளை மேலும் கிளைவிட்டு, இறுதியில் மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளாக முடிகிறது. ஒரு தமனியின் கடைசிக் கிளைகளும் பக்கத்துத் தமனியின் கடைசிக் கிளைகளும் சந்திக்கும் எல்லையே நாம் பேசும் பகுதி. அந்த இடத்துக்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் இரத்தம் வருகிறது. ஆகவே உடலிலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஒரு தமனி அடைபட்டால் மற்றொன்று கைகொடுக்கும் அல்லவா? இது ஓரளவு உண்மையே. ஆனால் உடல் முழுவதிலும் இரத்த அழுத்தம் குறையும்போது முதலில் பட்டினி கிடப்பதும் இந்த இடம்தான். இரண்டு வழிகளில் உணவு வரும் வீடு எப்படி முதலில் பட்டினி கிடக்க முடியும்?

ஏரிப் பாசனத்தை அறிந்த மாணவனுக்கு இந்தப் புதிர் கடினமன்று. ஓர் ஏரியின் மதகிலிருந்து வாய்க்கால் புறப்படுகிறது. மதகை ஒட்டிய தலைமடை வயல்களுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிறது. அவை குடித்து முடித்த மிச்சமே அடுத்த வயலுக்குப் போகிறது. கடைசி வயலான கடைமடைக்கு நீர் போய்ச் சேரும்போது அது வாய்க்காலின் அடியில் கசியும் சிறு ஓட்டம்தான். இப்போது எதிர்ப்புறத்தில் இன்னோர் ஏரி இருப்பதாகவும், அதன் வாய்க்காலும் இதே கடைசி வயலில் வந்து முடிவதாகவும் கொள்ளுங்கள். நல்ல மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் சிறிது சிறிது நீர் வந்து அந்த வயல் விளைந்துவிடும். ஓர் ஏரியின் மதகு பழுதானாலும் மற்றதைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம். இரண்டு ஏரிகளிலும் ஒரே சமயத்தில் நீர் மட்டம் இறங்கினால் என்ன ஆகும்? இரண்டு பக்கத்துத் தலைமடைகளும் நனையும். நடுவில் உள்ள அந்த வயல் மட்டும் வெடித்துப் பிளக்கும்.

உண்மையில் 'வாட்டர்ஷெட்' என்ற பெயர் இதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆற்றின் நீர்ப்பிரிமேட்டில் விழும் நீர் அந்தக் கோட்டை விட்டு விலகி இருபுறமும் ஓடுகிறது. உடலிலோ இரத்தம் இருபுறமிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி வருகிறது. இரண்டும் நேர் எதிர்! ஜெர்மானிய மருத்துவ நூல்களில் இதற்கு 'கடைசிப் புல்வெளி' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. பாசன வாய்க்காலின் கோடியில் உள்ள புல்வெளி என்பதுதான் அதன் கருத்து. நம் கடைமடை என்ற சொல்லும் அதுவும் ஒன்றே. ஆகவே இக்கட்டுரையில் கடைமடை என்றே சொல்வோம்.

குழாயில் பார்க்கலாம்

வயலை விட்டு ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். மீன் தொட்டிக்குக் காற்று அனுப்பப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் 3 மீட்டர் வாங்குங்கள். அதன் உட்புற விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கும். சம இடைவெளியில் ஒன்பது துளைகளை ஒரே ஊசியால் இடுங்கள். குழாயைத் தரையில் நேராகக் கிடத்தித் துளைகள் மேல்நோக்கி இருக்குமாறு செய்யுங்கள். இரு முனைகளையும் இரண்டு வாளிகளுடன் இணைத்து, வாளிகளை அரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஒன்பது துளைகளிலும் நீர் பீச்சும். முனைகளுக்கு அருகில் உள்ளவை உயரமாகவும், நடுவில் உள்ள ஐந்தாம் துளை எல்லாவற்றிலும் தாழ்வாகவும் பீச்சுவதைக் காண்பீர்கள். நீர் குழாயில் செல்லச் செல்ல உராய்வினால் அழுத்தத்தை இழக்கிறது. இரு பக்கத்துப் பாதைகளிலும் மிக நீண்ட பாதை நடுத்துளைக்கு வரும் பாதைதான்.

இப்போது இரண்டு வாளிகளையும் ஒரே அளவில் மெதுவாகத் தாழ்த்துங்கள். முதலில் அடங்குவது நடுத்துளை. பிறகு வாளிகளைப் பழைய உயரத்துக்குத் தூக்கி, ஒன்றை மட்டும் சிறிது தாழ்த்துங்கள். மிகத் தாழ்ந்த பீச்சல் இப்போது நடுவில் இராது, தாழ்ந்த வாளியின் பக்கமாக நகர்ந்துவிடும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். கடைமடை என்பது உடலில் பச்சை குத்தி வைத்த கோடு அன்று. இரு பக்கத்து அழுத்தங்களும் போடும் சண்டையில் அவ்வப்போது முடிவாகும் எல்லை அது.

குழாயில் நீர் எவ்வளவு ஓடும் என்பதற்கான விதியைக் கண்டவர்களுள் ஒருவர் புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர். மருத்துவர் இயற்பியல் விதி கண்டது ஏன் என்று கேட்கிறீர்களா? நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி இருக்கும் என்று அறியத்தான் அவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளக்கத் தொடங்கினார். 1840களில் அவருடைய முடிவுகள் வெளிவந்தன. ஓட்டத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது அவற்றில் தலையாயது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். கொழுப்புப் படிந்து ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் ஏறத்தாழ 41 சதவீதமாகச் சுருங்கும். வயதானவருடைய தமனிகளில் இத்தகைய படிவுகள் இருக்கக்கூடும். இளைஞனுக்குத் தீங்கு செய்யாத அழுத்தக் குறைவு முதியவரின் கடைமடையை வறளச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளையின் விளிம்புக் கோடு

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அதற்கு வேண்டும். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 50 மில்லிலிட்டர் என்பது கணக்கு. இது 20 மில்லிலிட்டர் அளவுக்குக் குறைந்தால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்துகின்றன. 10க்கும் கீழே போனால் அவை சாகத் தொடங்குகின்றன.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக விளக்கியதால் 'வில்லிஸ் வளையம்' என்று பெயர். நகரக் குடிநீர் வாரியம் ஊரைச் சுற்றிப் போடும் வளையக் குழாய் போன்றது இது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் சுற்றி வரும். ஆனால் வளையத்தைத் தாண்டியபின் முன், நடு, பின் என மூன்று தமனிகள் இருபுறமும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே கிளைக்கின்றன. முன் தமனிக்கும் நடுத் தமனிக்கும் இடையிலான எல்லை, தலையின் நடு வகிட்டுக்குச் சிறிது தள்ளி, அதற்கு இணையாக நெற்றிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. வகிட்டின் இருபுறமும் இப்படி ஒவ்வொரு கோடு. இவையே மூளையின் கடைமடைகள்.

இதன் விளைவாக நேரும் ஒரு விசித்திரமான நோயைக் கேளுங்கள். கடுமையான இரத்தப்போக்கினாலோ, இதயம் சில நிமிடங்கள் நின்று மீண்டும் இயங்கியதாலோ பிழைத்தெழுந்த ஒருவர் பேசுகிறார், முகத்தை அசைக்கிறார், நடக்கவும் நடக்கிறார். ஆனால் இரு தோள்களையும் மேற்கைகளையும் தூக்க முடியவில்லை! ஒரு பீப்பாய்க்குள் மனிதனை இறக்கிவிட்டாற்போலக் கைகள் மட்டும் உடலோடு ஒட்டித் தொங்குகின்றன. மருத்துவர்கள் இதற்கு 'பீப்பாய்க்குள் மனிதன்' என்றே பெயர் வைத்துள்ளனர்.

ஏன் கைகள் மட்டும்? மூளையின் மேற்பரப்பில் தசைகளை இயக்கும் பட்டை ஒன்று உள்ளது. அதில் கால்களுக்கு உரிய இடம் வகிட்டை ஒட்டி, முன் தமனியின் தலைமடையில் இருக்கிறது. முகத்துக்கு உரிய இடம் பக்கவாட்டில், நடுத் தமனியின் தலைமடையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தோளுக்கும் மேற்கைக்கும் உரிய இடம் கடைமடையில் விழுகிறது. வரைபடத்தையும் வாய்க்காலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நோயின் வடிவம் தானே தெரிகிறது. மருத்துவத்தில் இத்தனை அழகாக இயற்பியல் வெளிப்படும் இடங்கள் குறைவு. நோயாளிக்கு அதில் அழகு எதுவும் இல்லை என்பது வேறு.

கடைமடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாய்க்காலில் நீர் வேகம் குறையும் இடத்தில்தான் வண்டல் படியும். அதேபோல இரத்தத்தில் மிதந்து வரும் மிகச் சிறு கட்டிகள், ஓட்டம் வலுவிழந்த இடங்களில் அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடுகின்றன. அழுத்தக் குறைவும் சிறு அடைப்புகளும் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன என்று காப்லன், ஹென்னெரிசி என்ற இரு மருத்துவர்கள் 1998இல் எடுத்துக்காட்டினர். முன்பெல்லாம் 'அழுத்தமா, அடைப்பா?' என்று கட்சி கட்டிக்கொண்டு வாதிட்ட மருத்துவர்களுக்கு இது ஒரு சமாதான உடன்படிக்கை.

நின்றால் 23, படுத்தால் சுழி

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீங்கள் நிற்கும்போது உங்கள் மூளை இதயத்துக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது எனக் கொள்க. இரத்தத்தின் அடர்த்தி நீரைப்போல 1.06 மடங்கு, பாதரசத்தின் அடர்த்தி 13.6 மடங்கு. 300 மில்லிமீட்டர் உயர இரத்தத் தூண், 300 × 1.06 ÷ 13.6, அதாவது சுமார் 23 மில்லிமீட்டர் பாதரசத் தூணுக்குச் சமம். கையில் பட்டை கட்டி அளக்கும் சராசரி அழுத்தம் 93 என்றால், நிற்பவருடைய மூளைக்குக் கிடைப்பது 70 மட்டுமே. படுத்துவிட்டால் இந்த 23ம் திரும்பக் கிடைத்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. உலைக்கு எதிரே நின்று வேலை செய்பவர் உடலிலிருந்து வியர்வையாக நீர் ஏராளமாக வெளியேறுகிறது. இரத்தத்தின் கன அளவு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, தலை சுற்றி விழுகிறார். விழுந்தவரை உடனே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் நீர் தெளிப்பது நம் ஊர் வழக்கம். கணக்கு என்ன சொல்கிறது? அவர் விழுந்ததால் மூளைக்குக் கிடைத்த 23 மில்லிமீட்டரை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்! அவரைப் படுக்கவிட்டு, கால்களைச் சிறிது உயர்த்தி, நிழலும் காற்றும் கொடுப்பதே சரி. நன்றாக நினைவு திரும்பிய பின்னரே குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு திரும்பாவிட்டாலும், மூச்சு சீராக இல்லாவிட்டாலும் 108க்குச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலை விபத்திலும் இப்படித்தான். குருதி வழியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது காயத்துக்கு மட்டுமன்று, அங்கிருந்து வெகு தொலைவில் உள்ள மூளையின் கடைமடைக்கும் செய்யும் உதவி.

நீர்க்கட்டியும் நாக்கடி மருந்தும்

நம் பகுதி ஏரிகளில் எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பது பழைய வழக்கம். ஏரியில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு வயலுக்கும் உரிய பங்கு போய்ச் சேரும்படி மடைகளைத் திறப்பதும் சுருக்குவதும் அவர் வேலை. மூளையின் சிறு தமனிகள் இதையே செய்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை விரிந்து எதிர்ப்பைக் குறைக்கின்றன, கூடினால் சுருங்குகின்றன. ஆகவே சராசரி அழுத்தம் சுமார் 60லிருந்து 150 மில்லிமீட்டர் வரை எங்கு இருந்தாலும் மூளையின் ஓட்டம் பெரிதும் மாறாமல் இருக்கிறது. லாசென் என்ற டேனிஷ் அறிஞர் 1959இல் இதனை ஒரு வரைபடமாகக் காட்டினார். 60க்குக் கீழே போனால்? எல்லா மடைகளும் முழுவதும் திறந்தாகிவிட்டது, இனித் திறப்பதற்கு ஒன்றுமில்லை. அதன்பின் அழுத்தம் இறங்கும் அளவுக்கு ஓட்டமும் இறங்கும்.

பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு உள்ளவரின் தமனிச் சுவர்கள் தடித்துவிடுகின்றன. அவருடைய நீர்க்கட்டி உயர்ந்த மட்டத்துக்கே பழகிப்போகிறார். 60 என்றிருந்த கீழ் எல்லை 90, 100 என்று மேலேறிவிடுகிறது. 220/120 என்ற அழுத்தத்துடன் ஒருவர் மருத்துவரிடம் வருகிறார். கீழ் அழுத்தத்தோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி கிடைக்கும். இவருக்கு அது 153. இதைச் சில நிமிடங்களில் 110/60க்கு இறக்கினால் சராசரி 77. உங்களுக்கும் எனக்கும் 77 போதும். அவருடைய மூளைக்கு அது பஞ்சம்.

இது கற்பனை அன்று. 1980களில் நிஃபெடிபின் என்ற மருந்துக் குமிழை ஊசியால் குத்தி நாக்கின் அடியில் விடுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. நாக்கின் அடியில் வைத்தால் உடனே இரத்தத்தில் கலக்கும் என்று எண்ணினர். உண்மையில் வாயில் உறிஞ்சப்படுவது மிகச் சிறிதே, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போன பிறகே அது வேலை செய்தது. வேலை செய்தபோது அழுத்தம் எவ்வளவு இறங்கும், எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மானியில் எண் இறங்குவதைக் கண்டு மருத்துவரும் உறவினரும் மகிழ்ந்தனர். ஆனால் சிலருக்குப் பக்கவாதமும் சிலருக்கு மாரடைப்பும் வந்தன. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரை இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் காட்டி, இவ்வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றது. நெருக்கடி நிலைகள் சிலவற்றைத் தவிர, உயர்ந்த அழுத்தத்தை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ படிப்படியாக இறக்குவதே இன்றைய முறை.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இதைச் சொல்லலாம். நேற்று மாத்திரையை மறந்துவிட்டோம் என்று இன்று இரண்டாக விழுங்குவதும், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது. இதைப் படித்துவிட்டு 'மாத்திரையே ஆபத்து' என்று நிறுத்திவிடுவதும் கூடாது. தமனியைத் தடிக்கச் செய்வதே அடக்கப்படாத கொதிப்புதான்.

அறுவை மேசையில்

1961இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திறந்த இதய அறுவை செய்யப்பட்டது. இந்தியாவின் தொடக்க கால முயற்சிகளுள் அது ஒன்று. இத்தகைய அறுவையில் இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஓர் எந்திரப் பம்பு செய்கிறது. எந்திரம் எவ்வளவு அழுத்தத்தில் இரத்தத்தைத் தள்ள வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர். அப்போது மூளையின் கடைமடையே முதல் கவலை. உடலைக் குளிரச் செய்து மூளையின் தேவையைக் குறைப்பதும் ஒரு வழி. பஞ்ச காலத்தில் நெல்லுக்குப் பதில் கேழ்வரகு போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டுவடத்தில் சிக்கல் வேறு மாதிரி. அதன் முன்பகுதியை நெடுக ஓடும் ஒற்றைத் தமனிக்கு வழியில் சில கிளை நதிகள்தான் துணை. அவற்றுள் பெரியதை விவரித்தவர் ஆடம்கீவிச் என்ற போலந்து அறிஞர், காலம் 1880களின் தொடக்கம். பெரும்பாலோருக்கு இது இடப்புறத்தில், கீழ் மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் நுழைகிறது. அதற்கு மேலே, மார்பின் நடுமட்டத்தில் கடைமடை. பெருந்தமனியில் அறுவை செய்யும்போது இந்த ஓட்டம் தடைப்பட்டால் நோயாளி கண்விழிக்கையில் கால்கள் இயங்காமல் போகலாம். இங்கே மருத்துவர்கள் செய்யும் ஓர் உபாயம் இயற்பியல் மாணவனை மகிழ்விக்கும். ஓட்டத்தை முடிவு செய்வது உள்ளே தள்ளும் அழுத்தம் மட்டுமன்று, அதற்கும் வெளியே எதிர்த்து நிற்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள திரவத்தில் சிறிதளவை மெல்லிய குழாய் மூலம் வடித்துவிடுகிறார்கள். ஏரியின் மட்டத்தை உயர்த்த முடியாதபோது வயலின் மட்டத்தைத் தாழ்த்துகிறார்கள்!

பெருங்குடலுக்கு வருவோம். வயிற்றின் பெருந்தமனியிலிருந்து மேல் குடல்தமனி, கீழ் குடல்தமனி என இரண்டு புறப்படுகின்றன. முன்னது பெருங்குடலின் வலப்பாதிக்கும், பின்னது இடப்பாதிக்கும் இரத்தம் தருகிறது. இரண்டின் கடைசிக் கிளைகளும் இடது விலா எலும்புகளின் கீழே, மண்ணீரலுக்கு அருகில் குடல் வளைந்து கீழிறங்கும் இடத்தில் சந்திக்கின்றன. 1956இல் கிரிஃபித்ஸ் என்ற அறுவை மருத்துவர் இந்தச் சந்திப்பு மிக மெலிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கடும் நீரிழப்புக்கோ அழுத்தக் குறைவுக்கோ பிறகு ஒரு முதியவருக்கு இடப்பக்க வயிற்றுவலியும் மலத்தில் இரத்தமும் வந்தால் மருத்துவரின் ஐயம் இந்த வளைவின்மீது செல்லும்.

இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தால் நோயுற்ற பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைத்துச் சேர்க்கிறார்கள். அப்போது கீழ் குடல்தமனியைக் கட்டிவிட வேண்டியும் வரலாம். உங்கள் குழாய்ச் சோதனையில் ஒரு வாளியை எடுத்துவிட்டாற்போல! எல்லை நகர்கிறது. மேல் குடல்தமனி ஒன்றே அந்த மெலிந்த சந்திப்பைத் தாண்டி எவ்வளவு தூரம் இரத்தம் அனுப்ப முடியும்? அது போய்ச் சேராத இடத்தில் தையல் போட்டால் தையல் கூடாது, பிரிந்து குடலில் உள்ளது வயிற்றுக்குள் கசியும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

முன்பு அறுவை மருத்துவர் குடலின் நிறத்தைப் பார்த்தும், வெட்டிய விளிம்பில் குருதி துளிர்க்கிறதா என்று பார்த்தும் முடிவு செய்தார். இன்றும் அவை பயன்படுகின்றன. ஆனால் இப்போது மற்றோர் உதவியும் வந்துள்ளது. இண்டோசயனின் பச்சை என்பது 1950களில் மருத்துவத்துக்கு வந்த சாயம். இதைச் சிரையில் செலுத்தினால் இரத்தத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு குழாய்களுக்குள்ளேயே சுற்றிவரும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி பட்டால் அதைவிடச் சற்று நீண்ட அலைநீளத்தில் ஒளிரும். நம் கண்ணுக்கு இவை தெரியா, அதற்கென அமைந்த கேமராவுக்குத் தெரியும். சாயம் செலுத்தி ஒரு நிமிடத்துக்குள் திரையில் குடல் ஒளிரத் தொடங்குகிறது. ஒளி எங்கே மங்குகிறதோ அங்கே அன்றைய எல்லை. அதற்கு முன்னாலேயே வெட்டித் தைக்கலாம்.

மூக்கு முளைத்த கதை

தோலுக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் படையினரிடம் சிக்கினார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பிறகு புனே அருகில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர், நெற்றித் தோலைக் கொண்டு அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் இதழ் ஒன்று இதைப் படத்துடன் வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தனர். கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் இம்முறையைச் செய்து பார்த்து வெற்றி கண்டார்.

நுட்பம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெற்றித் தோலை மூக்கின் வடிவில் வெட்டிய வைத்தியர், புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் வெட்டாமல் விட்டார். தோலை அந்தக் காம்பின்மேல் திருப்பிக் கீழே கொண்டுவந்து மூக்கின் இடத்தில் ஒட்டினார். காம்புக்குள் ஒரு சிறு தமனி ஓடுகிறது. அது தரும் இரத்தத்தில் தோல் உயிர்வாழ்கிறது. சில வாரங்களில் கன்னத்துப் பக்கமிருந்து புதிய நுண்குழாய்கள் தோலுக்குள் வளர்ந்து வருகின்றன. இதுவரை காம்பின் கடைமடையாக இருந்த விளிம்பு இப்போது புதிய பாசனத்தின் தலைமடை ஆகிவிடுகிறது. அதன்பின் காம்பை வெட்டலாம். முன்கூட்டியே வெட்டினால் மூக்கு கறுத்து உதிர்ந்துவிடும்.

எவ்வளவு நீளத் தோலை ஒரு காம்பு தாங்கும் என்பதற்கு நெடுங்காலம் வரைபடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டெய்லர், பால்மர் என்ற இருவர் 1987இல் மனித உடல் முழுவதையும் தமனி வாரியாக வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டினர். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களை மிகக் குறுகிய இணைப்புக் குழாய்கள் சேர்க்கின்றன என்றும் கண்டனர். ஒரு காம்பு தன் வட்டாரத்தையும் அடுத்த வட்டாரத்தையும் பொதுவாகக் காப்பாற்றும், அதற்கும் அடுத்ததை நம்பக்கூடாது. நீளம் இன்னும் வேண்டுமென்றால் மருத்துவர்கள் தோலின் ஓரங்களை மட்டும் முதலில் வெட்டிவிட்டு, தூக்காமல், ஒன்றிரண்டு வாரங்கள் காத்திருக்கிறார்கள். பக்கத்து வரத்துகள் நின்றுபோகவே இணைப்புக் குழாய்களுக்கு வேலை கூடி, அவை விரிந்துவிடுகின்றன. அவற்றின் ஆரம் இருமடங்கானால் ஓட்டம் எத்தனை மடங்காகும் என்று புவாசேயின் விதிப்படி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.